எண்ணெய்த் துளையில் சந்தனம்

பழைய மிஷினைப் பார்த்ததும் உருகிப்போகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. உறையூரில் இருக்கும் எங்கள் மரப்பட்டறைக்கு மாதத்தில் இரண்டு பேராவது அப்படி வந்துவிடுகிறார்கள். வீட்டு அலங்காரம் செய்து கொடுக்கிறவர்கள், கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். உள்ளே நுழைந்ததும் ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெரிய இழைப்பு மிஷினைத் தடவிக் கொடுப்பார்கள். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுப்பார்கள். துப்பட்டா சிக்கினால் கழுத்தோடு போகும் என்று நான்தான் ஓடிப்போய் இழுத்து நிறுத்த வேண்டும். அதற்கு நன்றி வராது, முறைப்புதான் வரும்.

"இது எந்தக் காலத்து மிஷின் ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். இன்னும் ஓடுகிற காலத்து மிஷின் என்று சொல்வேன். எவ்வளவு அகலப் பலகையை உள்ளே வாங்கும், ஒரு தடவைக்கு எவ்வளவு சீவும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

எனக்கு அந்த மிஷின் மேல் பாசமெல்லாம் கிடையாது. அது முரட்டு இரும்பு. ஏலத்தில் எடுத்து லாரியில் வந்து இறங்கியபோதே அதற்கு வயதாகிவிட்டது. சொரசொரப்பான பலகையை ஒரு பக்கம் கொடுத்தால், உள்ளே சுற்றும் கத்தி உருளை அதைச் சீவி, மறுபக்கம் வழுவழுப்பாகத் தள்ளும். இரண்டடி அகலப் பலகையை ஒரே தடவையில் இழைக்க இந்த வட்டாரத்தில் வேறு மிஷின் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது வருகிற மிஷின்கள் பளபளவென்று இருக்கின்றன, ஆனால் அதில் பாதி அகலம்தான் வாங்கும். அகலப் பலகையைக் கொண்டுபோனால் நடுவில் அறுத்து ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அந்தக் கத்தி உருளை இரண்டு முனையிலும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. புது மிஷின் மாதிரி உள்ளே குண்டுகள் கிடையாது. ஈயம் மாதிரி மெத்தென்ற ஒரு உலோகத்தை உருக்கி ஊற்றிய குழி, அவ்வளவுதான். அதற்குள் இரும்பு சுற்ற வேண்டுமானால் நடுவில் எண்ணெய் இருந்தாக வேண்டும். இரண்டு பேரிங்கின் தலையிலும் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் அதில் எண்ணெய் விட வேண்டும். இத்தனை பெரிய இரும்பு மனிதர்களிடம் கேட்பது அதை மட்டும்தான். அதைக்கூடச் செய்யத் துப்பில்லாத ஆண்களுக்கு நடுவில்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது.

முதலில் என் வீட்டுக்காரர். மிஷினை ஏலத்தில் எடுத்தது அவர்தான், அந்தப் பெருமையை இன்றுவரை அவர் விட்டதில்லை. முன்அறையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அந்த ஏலக் கதையைச் சொல்வார். பட்டறைக்குள் வந்தால் தூசு ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். நான் கல்யாணமான புதிதில் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவள். அவர் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் யாராவது உள்ளே வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியே உள்ளே தங்கிவிட்டேன். கத்தி தீட்டுவது, பெல்ட் தைப்பது, எண்ணெய் விடுவது என்று ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. எங்கள் மிஷின்காரர் நல்ல ஆள், பலகையைக் கொடுத்து வாங்குவதில் கைகாரர். ஆனால் எண்ணெய் விடுவது அம்மா வேலை என்று அவர் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் என் வீட்டுக்காரருக்குத் தும்மல் வராது. அது ஆயுத பூஜை. விடியற்காலையில் குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு எல்லோருக்கும் முன்னால் நிற்பார். ஒவ்வொரு மிஷினுக்கும் கட்டைவிரலால் பொட்டு வைப்பார். இழைப்பு மிஷினில் அவர் தேர்ந்தெடுத்த இடம் பேரிங்கின் தலை. நெற்றி மாதிரி இருக்கிறதாம். நெற்றியின் நடுவில் துளை வேறு இருக்கிறது, பொட்டு வைக்கத் தோதாக. துளைக்குள் சந்தனத்தை அழுத்தி, அதன் மேல் குங்குமத்தையும் அழுத்தி, கண்ணை மூடிக் கும்பிடுவார். இரண்டு பேரிங்குக்கும் குறைவில்லாமல் செய்வார்.

முதல் வருஷம் நான் சொன்னேன். எண்ணெய் இறங்கும் துளைங்க அது, வேறு இடத்தில் வையுங்கள் என்றேன். சாமி காரியத்தில் குற்றம் கண்டுபிடிக்காதே என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. விஜயதசமியன்று காலையில் நல்ல நேரம் பார்த்து மிஷினை ஓட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் நான் முதல் ஆளாகப் போய், தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, இரண்டு துளையிலும் இருக்கும் சந்தனத்தைக் குடைந்து எடுப்பேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வேன். பிறகு இவர்கள் வந்து கற்பூரம் காட்டி மிஷினை ஓட்டுவார்கள். மிஷின் ஓடும். பூஜையின் பலன் என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். இத்தனை வருஷம் இப்படித்தான் நடந்தது.

அடுத்தது என் மூத்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன். ஜவுளிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். பட்டறையில் பாதி அவருடையது. மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பல் குத்துகிற குச்சிதான். ஆனால் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரே அபார்ட்மெண்டில், ஒரே மாடியில், எதிரெதிர் வீட்டில் நாங்களும் அவர்களும் இருக்கிறோம். சமையல் எங்கள் வீட்டில், டி.வி. அவர்கள் வீட்டில். மூத்தார் மனைவி காலையில் டி.வி.யைப் போட்டால் படுக்கப் போகும்போதுதான் நிறுத்துவார். அதில் வரும் பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் அழுவார்கள், இவர் சோபாவில் அழுவார். என்னையும் பக்கத்தில் உட்கார்ந்து அழச் சொல்வார். காவிரிப் பாலத்தில் என் ஸ்கூட்டர் ஏறினால்தான் எனக்கு மூச்சு வரும். பட்டறையில் நான் சொன்னால் ஒரு வேலை நடக்கும். வீட்டில் நான் சொன்னால் சாம்பாரில் உப்புகூடக் குறையாது. பட்டறை போய்விட்டால் எனக்கு மிச்சம் அந்த சோபாதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அது போகிற நிலைமை போன வருஷம் வந்தது. பைபாஸ் ரோட்டில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். வெயிலே இல்லாத இடத்தில் கறுப்புக் கண்ணாடி. மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓட்டல் வாசலில் வைக்கப் போகிறாராம். மேலே கண்ணாடி போட்டு, பலகை போகிற வாய்க்குள் விளக்கு வைத்து, பக்கத்தில் மணி பிளான்ட் படரவிட்டால் பிரமாதமாக இருக்குமாம். கத்தி உருளையைக் கழற்றிவிடலாம், அது எதற்கு என்று கேட்டார். நாக்கை அறுத்துவிட்டு ஆளை நிற்க வைக்கிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

மூத்தாருக்கு அந்த யோசனை இனித்தது. மிஷின் போய்விட்டால் பட்டறைக் கொட்டகையை மெத்தை விற்கிற கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிடலாம், வீட்டில் உட்கார்ந்தே சாப்பிடலாம் என்றார். இத்தனை நாளாக அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் ஒரு வேலை இருந்ததால்தான் பேச்சு அப்போது நின்றது. ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கும் ஒரு விவசாயி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்த அகலமான பலாப் பலகைகளைத் தலைவாசல் கதவுக்காக வைத்திருந்தார். அறுக்காமல் ஒட்டாமல் முழுப் பலகையாகவே கதவு வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். நிலைக்கால் நட்டு வாசல் வைக்க ஐப்பசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. நிலை வைக்கிற அன்றே கதவும் வந்து இறங்க வேண்டும். எங்கள் மிஷினைத் தவிர அவருக்கும் வேறு வழி இல்லை.

மூத்தார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மாடி, இந்த வாசலை முகூர்த்தத்துக்குக் குடுத்துட்டா நான் ஒண்ணும் பேசல. குடுக்க முடியலன்னா ஓட்டல்காரருக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் நீ வருத்தப்படக் கூடாது."

சரி என்றேன். மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பயப்பட எனக்குக் காரணம் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மணப்பாறையில் என் சித்தப்பா இறந்துபோனார். நான் அன்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டேன். நான் ஊரில் இல்லாத அந்த ஒரு நாளில் மூத்தாருக்கு மூளை வேலை செய்தது. ஓட்டல்காரருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும், பூஜைக்கும் அழகாக இருக்கும் என்று ஒரு பெயின்டரைப் பிடித்துக்கொண்டு வந்து மிஷினுக்குப் பெயின்ட் அடிக்க வைத்தார்.

பூஜையன்று சாயங்காலம் மணப்பாறையிலிருந்து வந்து, பட்டறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மிஷின் கிளிப்பச்சையில் நின்றது. சாம்பல் நிறத்தில் கௌரவமாக இருந்த இரும்பு, பள்ளிக்கூட வேன் மாதிரி ஆகியிருந்தது. உள்ளே காலை வைக்கப் போனேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் பூஜை போட்ட இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று மூத்தார் கையை நீட்டித் தடுத்துவிட்டார். குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். குளித்தாலும் கூடாதாம், நாளைக்கு மிஷின் ஓட்டும்போதும் வரக் கூடாதாம், சாங்கியம் முடிந்து வரலாமாம். காலையில் எண்ணெய் விட வேண்டும் என்றேன். அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் பார்த்துக்கொள்வார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இருந்தாலும் மிஷின்காரருக்குப் போன் செய்து, துளையில் இருக்கும் சந்தனத்தை எடுத்துவிட்டு எண்ணெய் விட்டபிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும் என்று சொன்னேன். சரிம்மா என்றார்.

விஜயதசமியன்று காலையில் நான் மூத்தார் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். டி.வி.யில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். மிஷின்காரரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, மிஷின் கத்திச்சும்மா. புகை வந்துச்சு. இப்ப கையால சுத்தினாலும் அசையல."

நான் யார் அனுமதியும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறையில் ஆண்கள் எல்லோரும் மிஷினுக்கு முன்னால் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். நான் போய் வந்த சாவு வீட்டில்கூட இத்தனை சோகம் இல்லை. நடந்ததை மிஷின்காரர் மெதுவாகச் சொன்னார். எண்ணெய் விட அவர் துளையைத் தேடியிருக்கிறார். துளை இருந்த இடத்தில் சந்தனப் பொட்டு இருந்திருக்கிறது. அதைத் தொடப் போனபோது மூத்தார் சத்தம் போட்டிருக்கிறார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, வைத்த பொட்டை அழிக்காதே, முதலில் ஓட்டு, எண்ணெய் அப்புறம் விடலாம் என்று. ஓட்டியதும் நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பலகை ஒன்றை விடு, போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லி ஓட வைத்திருக்கிறார்.

அதற்குள் காரணங்கள் தயாராகியிருந்தன. ஓட்டல்காரர் கண் பட்டுவிட்டது என்பது என் வீட்டுக்காரர் கட்சி. நான் நேற்று வாசலில் வந்து நின்றதால் தீட்டு பட்டுவிட்டது என்பது மூத்தார் கட்சி. பூசணிக்காய் வாங்கி வர ஆள் அனுப்பியிருந்தார்கள்.

நான் கொண்டை ஊசியை உருவினேன். சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே துளை இல்லை. பச்சைப் பெயின்ட் வழுவழுவென்று இருந்தது. ஊசியால் குத்தினேன், இறங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெயின்டர் மகராசன் சுவருக்குச் செய்கிற மாதிரி மிஷினுக்கும் பட்டி பார்த்திருக்கிறான். இரும்பில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் பட்டியை வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட். தொழில் சுத்தம். என் வீட்டுக்காரர் அந்த அடைத்த துளையின் மேல், பழக்கம் மாறாமல், அதே இடத்தில் சந்தனம் வைத்திருக்கிறார். துளை காணாமல் போனதே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கும்பிட்ட இடத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. தோண்டி எடுத்ததை ஒரு பேப்பரில் வைத்தேன். கீழே வெள்ளைப் பட்டி, அதன் மேல் பச்சைத் தோல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சந்தன வட்டம். வட்டத்தில் கட்டைவிரல் ரேகை அச்சுப் போல விழுந்திருந்தது. அதைக் கொண்டுபோய் முன்அறையில் என் வீட்டுக்காரர் மேஜையில் வைத்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலையும் பார்த்தார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூத்தார் அன்றே ஓட்டல்காரருக்குப் போன் போட்டுவிட்டார். முகூர்த்தம் முடிந்ததும் வந்து மிஷினைப் பார்க்கச் சொன்னார். பேரிங்கைத் திரும்ப ஊற்ற முடியும், எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும் என்றேன். உனக்கு எதற்கம்மா இந்த வீம்பு என்று அவர் சொன்ன தொனியில் நான் ஏதோ பொம்மைக்கு அழுகிற குழந்தை மாதிரி இருந்தேன்.

நானும் மிஷின்காரரும் உருளையைக் கழற்றினோம். பேரிங்கில் இருந்த உலோகம் உருகி வழிந்து ஓரத்தில் கட்டியாக நின்றது. நல்லவேளை, உருளையின் இரும்பில் அடி விழவில்லை. பழைய உலோகத்தைச் சுரண்டி எடுத்து, லேத் பட்டறையில் புதிது வாங்கி வந்தோம். இந்த வேலையை நான் முன்பும் செய்திருக்கிறேன். உருளையை அதன் இடத்தில் சரியாக நிறுத்தி, சுற்றிலும் எண்ணெயில் பிசைந்த களிமண்ணால் அணை கட்டி, உருக்கியதை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற உலோகம் உருளையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உருளையின் மேல் கரிப்புகை படிய வேண்டும். அதற்குக் கற்பூரத்தைப் போல வேறு எதுவும் கிடையாது. பூஜைக்கு வாங்கிய கற்பூரம் டப்பா டப்பாவாகக் கிடந்தது. தட்டில் வைத்துக் கொளுத்தி, உருளைக்கு அடியில் காட்டிக் காட்டிப் புகை பிடிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் மூத்தார் உள்ளே வந்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிஷினுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் விட்டுவிட்டு வந்து கைகூப்பினார்.

"இதைத்தாம்மா நான் முதல்லயே சொன்னேன். இப்பவாவது உனக்குத் தோணுச்சே" என்றார்.

மிஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை. உலோகம் அடுப்பில் உருகித் தயாராக இருந்தது, பேச நேரம் இல்லை. குழிக்கரண்டியில் எடுத்து ஊற்றினேன். மூத்தார் பரவசமாகிவிட்டார். சட்டைப் பையிலிருந்து கோயில் தீர்த்தம் வைத்திருந்த சின்னப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். அவர் முகத்தில் மட்டும் தெறிப்பதாக இருந்தால் நான் ஒருவேளை யோசித்திருப்பேன்.

"மாமா, இப்ப தண்ணி படக் கூடாது. தள்ளி நில்லுங்க" என்றேன்.

அவர் உடனே பின்வாங்கிப் பாட்டிலை மூடினார். "சரி சரி. அதுக்குன்னு ஒரு முறை இருக்கும்" என்றார்.

ஆறியபிறகு துளை போட்டோம். அடுத்தது, உருளை குழிக்குள் எல்லா இடத்திலும் சமமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். உருளையில் ஏதாவது சாயத்தைப் பூசிச் சுற்றினால், மேடாக இருக்கும் இடத்தில் அது ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். திரும்பப் பூச வேண்டும், திரும்பச் சுரண்ட வேண்டும். சாயம் வாங்கக் கடைக்குப் போகவில்லை. குங்குமம் நிறையக் கிடந்தது, நைஸ் குங்குமம். அதை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். நான் குங்குமம் பூசப் பூச, தூணோரம் நின்ற மூத்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் போட்டுக்கொண்டார். வேலை சாயங்காலம் வரை நடந்தது. அவருக்குக் கன்னம் வீங்கியிருக்க வேண்டும்.

சந்தனம்தான் எதற்கும் உதவவில்லை.

மிஷின் ஓடியது. சத்தம் பழையபடி சீராக இருந்தது. பேரிங்கின் தலையில் கையை வைத்து, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறவில்லை. பலாப் பலகைகளை விட்டோம். உள்ளே போனது கறுத்த பழம்பலகை, வெளியே வந்தது மஞ்சள் மஞ்சளென்று, வீடு கட்டுகிறவன் பார்த்தால் சாப்பாட்டை மறக்கிற மாதிரி. நிலையும் கதவும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே ஜீயபுரம் போய்ச் சேர்ந்தன.

வாசல் வைக்கிற அன்று மூத்தார் முன்வரிசையில் நின்றார். வாழை இலையில் வடை பாயசத்தோடு சாப்பிட்டார். சாப்பிட்ட வாயோடு எல்லோரிடமும் சொன்னார், எங்கள் பட்டறை மிஷின் சாதாரண மிஷின் இல்லை என்று. நின்றுபோன மிஷின், முறைப்படி கற்பூரம் காட்டிக் குங்குமம் சாற்றியதும் தானாக ஓடியது என்று. அந்த விவசாயி மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஓட்டல்காரர் வந்தபோது மூத்தார் அவரை வாசலிலேயே நிறுத்தி, சாமி குடியிருக்கிற மிஷினை விற்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெத்தைக் கம்பெனிக்கும் அதே பதில். அவர் உயிரோடு இருக்கும்வரை பட்டறையை மூட மாட்டாராம்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் எண்ணெய் விட்டதால் கிடைக்காத பட்டறை, பேரிங்கை ஊற்றிச் சுரண்டியதால் கிடைக்காத பட்டறை, நான் செய்யாத ஒரு பூஜையால் கிடைத்தது. உண்மை வாய்வரை வந்துவிட்டது, பலமுறை. அடக்கிக்கொண்டேன். புத்தி சொல்லிப் புரியவைத்தால் அவர் நாளைக்கே மனசு மாறி மிஷினை விற்கக் கிளம்பிவிடுவார். பக்தி வந்த ஆள் மாற மாட்டார். எனக்குப் பட்டறை வேண்டும், அவருடைய புத்தி வேண்டாம்.

என் வீட்டுக்காரர் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அண்ணன் கதை சொல்லும்போது கூட நின்று தலையாட்டவும் இல்லை. அதைப் பெரிதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எதற்கும் எதுவும் சொல்லாத ஆள்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. கிளிப்பச்சை பல இடங்களில் உரிந்து, கீழே இருந்த சாம்பல் தெரிய ஆரம்பித்திருந்தது. மூத்தார் போன வருஷத்துப் பெருமையில் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மற்ற மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு இழைப்பு மிஷினிடம் வந்தார். கட்டைவிரலில் சந்தனத்தை எடுத்தார். பேரிங்கின் தலைக்கு நேராகக் கை போனது. அங்கேயே நின்றது.

கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் பின்னால், எண்ணெய் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தா," என்றார். "எங்க வைக்கட்டும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமிக்குப் பொட்டு வைக்க அவளிடம் என்ன கேள்வி, நேரம் போகிறது என்று மூத்தார் அவசரப்படுத்தினார். அண்ணன் சொன்னது காதில் விழாத மாதிரி, சந்தனம் காயக் காய, இவர் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மிஷினை வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. இதைக் கேட்க இத்தனை வருஷமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. முன்னால் போய், பக்கவாட்டில் துளையோ திருகோ இல்லாத வெற்று இரும்பைக் காட்டினேன். அங்கே வைத்தார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல முதல் ஆளாகப் போனேன். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை, நான் திரும்பியதும் ஆசைக்கு ஒரு பொட்டைத் துளையிலும் வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். கொண்டை ஊசியை உருவிக்கொண்டு குனிந்து பார்த்தேன். இரண்டு துளையும் சுத்தமாக இருந்தன. எண்ணெய் விட்டுவிட்டு, ஊசியைத் தலையில் செருகிக்கொண்டேன்.